ராட்சசியும் எருமைத்தோல் பெல்ட்டும்

ஆம்பூர்,
1934 மார்ச்சு.

சிரஞ்சீவி தம்பி ராமமூர்த்திக்கு,

அக்கா சுந்தரி எழுதிக்கொண்டது. அநேக ஆசீர்வாதம். இவ்விடம் எல்லாரும் சௌக்கியம். வழக்கத்துக்காக எழுதும் வார்த்தை என்று இதைத் தள்ளிவிடாதே. எழுத உட்காருவதற்கு முன் என் விரல்களை எண்ணிப் பார்த்தேன். எஞ்சின் டிரைவர் சீனிவாசனைக் கூப்பிட்டு அவருடைய விரல்களையும் எண்ணினேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கல்கத்தாவில் நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் அதேபோல் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ லீவு போட்டுக்கொண்டு வருவதாக எழுதியிருந்தாய். வர வேண்டாம். எந்திரம் ஓடுகிறது. உன் கம்பெனி புது எந்திரம் வாங்கச் சொல்லி அனுப்பிய வர்ணப் படப் புத்தகமும் வந்து சேர்ந்தது. அதை மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வெட்டி ஒட்டிக் கப்பல் செய்திருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குப் பாதி தெரியும். ஆனால் என் கடிதங்களை நீ காட்டுவதே இல்லை என்று உன் மனைவி எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள், ஆகவே இது அவளுக்கும் சேர்த்து.

எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் திறக்க அனுமதி கேட்டிருந்தோம். பெரிய வகுப்புப் பெண்கள் பாயில் உட்காரக் கூடாது, பெஞ்சும் சாய்வு மேஜையும் வேண்டும், இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வரும் நாளில் அவை கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. நாலாம் பாரத்தில் கணக்கில் கெட்டிக்காரி பில்கிஸ் என்று ஒரு பெண். தோல் பதனிடும் டேனரி முதலாளி ஜியாவுதீன் சாயபுவின் மகள். சாயபு கொடுத்த வாக்கை மாற்றாதவர். கஷ்டம் என்னவென்றால், ஒரே விஷயத்தில் இரண்டு பேருக்கு இரண்டு வாக்குக் கொடுத்திருந்தார். ஊரில் ஐந்தாம் பாரம் திறந்தால் பெண் படிப்பாள் என்று மனைவி முனவ்வர் பேகத்துக்கு ஒன்று. திறக்காவிட்டால் இந்த வருஷமே கல்யாணத் தேதி வைத்துக்கொள்ளலாம் என்று பேரணாம்பட்டு ரஷீத் அஹமதுக்கு ஒன்று. அவரும் டேனரி முதலாளிதான், அவர் மகனுக்குத்தான் பில்கிஸைக் கேட்டிருக்கிறார்கள். ஆக, பெஞ்சு வந்தால் படிப்பு, வராவிட்டால் கல்யாணம். ஒரு பெண்ணின் காரியம் பலகையில் போய் நிற்பதை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இந்த உத்தியோகத்தில் கேள்விப்படாதது நிறைய நடக்கும்.

பலகை கிடைத்தது. ஜவ்வாது மலையிலிருந்து வேங்கை மரம், ஒரு புண்ணியவான் தானம் செய்தது. ஆனால் ரம்பத்தில் அறுத்தது அறுத்தபடியே, தொட்டால் கையெல்லாம் சிலாம்பு. ஆம்பூரில் இருக்கிற தச்சர்கள் அத்தனை பேரும் கப்பலில் போகும் தோலுக்குப் பெட்டி அடிக்கப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் ஒரே ஒருவர். அவர் கையால் இழைத்து முடிப்பதற்குள் பில்கிஸுக்குப் பேரன் பிறந்துவிடுவான். அப்போதுதான் ஜியாவுதீன் சாயபுவின் டேனரிக் கொல்லையில் வேப்பமரத்தடியில் கிடந்த ராட்சசி என் ஞாபகத்துக்கு வந்தது.

ராட்சசி என்பது கூலிக்காரர்கள் வைத்த பெயர். ஒரு கட்டில் அகலத்துக்கு இரும்பு மேடை, நடுவில் உருளைகள், உருளைகளுக்கு நடுவே கத்தி பூட்டிய தண்டு. சாயபுவின் தகப்பனார் மெட்ராஸ் துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்தது. எதை உள்ளே விட்டாலும் ஒரே கனமாகச் சீவித் தள்ளும் என்று ஏலக்காரன் சொல்லியிருக்கிறான். தோல் வியாபாரிக்கு 'எதை' என்றால் தோலைத்தான். ஊருக்குக் கொண்டுவந்து, சீமையிலிருந்து வந்த தோல் சீவும் எந்திரம் என்று எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நல்ல எருமைத் தோல் ஒன்றை உள்ளே விட்டார். அது தோலைச் சீவவில்லை, தோல் கத்தித் தண்டில் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொள்ள, எந்திரம் நின்றுவிட்டது. அன்றோடு சரி. ஆனால் அப்பாஜான் ஏமாந்துவிட்டார் என்று மகன் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. எந்திரத்துக்குக் கண்ணேறு என்பார், தோல் ஈரமாக இருந்தது என்பார், ஓட்டியவனுக்குப் பக்குவம் போதாது என்பார். ரஷீத் அஹமது ஒவ்வொரு தடவை வரும்போதும் "என்ன பாய், உங்க அப்பா மிஷின் இன்னிக்காவது தோல் சீவிச்சா?" என்று கேட்பாராம். சாயபு அன்றைக்குச் சாப்பிடமாட்டார் என்று முனவ்வர் பேகம் சொல்வார்.

அதன் படத்தை வரைந்து உனக்கு அனுப்பினேன். இது தோல் சீவும் எந்திரம்தான், சந்தேகமே இல்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று எழுதினாய். சந்தேகமே இல்லை என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். நான் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு அப்பிக் கிடந்த சட்டத்தைக் கொண்டை ஊசியால் சுரண்டினேன். 1878 என்ற வருஷமும் இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊரின் பெயரும் தெரிந்தன. கத்தித் தண்டுக்கு அடியில் காய்ந்துபோன தோல் துணுக்குகளைக் கிளறினேன். அதற்கும் அடியில், மசகு கெட்டியாகிப் போன இடத்தில், சுருள் சுருளாக மரச் சீவல். அறுபது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் தேவதாரு வாசனை. தோல் தின்பதற்கு முன்னால் அவள் மரம் தின்றவள். வேலூரில் ஒரு காலேஜ் நூலகத்தில் பழைய கலைக்களஞ்சியத்தைப் புரட்டினேன். அதே மேடை, அதே உருளை, உயரத் தொப்பி வைத்த ஒரு துரை பலகையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறார். மரம் இழைக்கும் எந்திரம். செய்த கம்பெனிக்கும் எழுதினேன். இப்போது தாங்கள் சைக்கிள் மட்டுமே செய்வதாகவும், ஆம்பூரில் சைக்கிளுக்குத் தேவை உண்டா என்றும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

சாயபுவிடம் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டார். "மரமும் சீவும்னு சொல்லுங்க டீச்சரம்மா, ஒத்துக்கறேன். மரம்தான் சீவும்னு சொல்லாதீங்க. அப்பாஜான் காதுல விழும்" என்றார். தகப்பனார் காலமாகி இருபது வருஷம் இருக்கும். நான் அந்த ஒரு சொல்லுக்காகச் சண்டை போடவில்லை. அடுத்த தடை முனவ்வர் பேகம். அவருடைய கோழிகள் அந்த எந்திரத்துக்குள்தான் முட்டை இடும், அடை காக்கும். முதலில் இழைக்கும் பலகையில் கோழிக்கூடு செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு, பெண்கள் மறைவுக்குக் கட்டிய மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அனுமதி கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. சீனிவாசன் டேனரிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினை ஓட்டுகிறவர். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அதை மறக்கவும் மாட்டார், நம்மை மறக்கவிடவும் மாட்டார். எதைக் காட்டினாலும் "இன்னா டீச்சரம்மா, கோலார்ல இத்த மாதிரி எவ்ளோ பார்த்துக்கிறேன்" என்பார். துரு ஏறின மரையாணியைக் காட்டினால் கோலார், உடைந்த பல்சக்கரத்தைக் காட்டினால் கோலார், ஒரு நாள் மேடைக்கு அடியில் தேள் வந்தது, அதற்கும் கோலார். மரைகள் மண்ணெண்ணெயில் ஊறி ஊறி எனக்கே மண்ணெண்ணெய் நாற்றம், வகுப்பில் பெண்கள் மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாவம் ரொம்பப் பிரயாசைப்பட்டார்கள். தண்டு சுற்றும் இடத்தில் தேய்ந்துபோன ஈயத்தை உருக்கிப் புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. முதல் தடவை ஊற்றினது வழிந்து சீனிவாசனின் செருப்பை ஓட்டை போட்டது. கால் தப்பியது, செருப்பும் ஆம்பூர்ச் செருப்பு, ஆகையால் ஊருக்கு நஷ்டமில்லை. கத்திகளைத் தீட்டக் கொடுத்தேன். டேனரியில் தோல் வழிக்கும் கத்தி தீட்டுகிறவர் பழக்க தோஷத்தில் முனையை மழுக்கிக் கொண்டுவந்து, "இப்ப தோல் கிழியாதும்மா" என்றார். எனக்கு மரம் கிழிய வேண்டும் என்று அவருக்குப் புரியவைத்துத் திரும்பத் தீட்டினோம்.

எல்லாம் சேர்ந்து, இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வரும் தேதியும் தபாலில் வந்து, எஞ்சினையும் எந்திரத்தையும் இணைக்க ஒரு பெல்ட் மட்டும் பாக்கி. அதைத் தாமே தருவதாகச் சாயபு சொல்லிவிட்டார். தோல் விஷயத்தில் ஆம்பூரில் போய்ச் சந்தேகப்படுகிறவள் பைத்தியக்காரி என்று நானும் விட்டுவிட்டேன். அவர் கொண்டுவந்ததை நானே கையில் வாங்கித் தடவிப் பார்த்தேன். ஆவாரம்பட்டையில் பக்குவமாக ஊறின எருமைத் தோல், தேன் நிறம், ஒரு பக்கம் முகம் பார்க்கலாம் போல மினுக்கல். தோலுக்கு மேல்பக்கம், மினுக்குகிற பக்கம், அதைச் சாயபு 'முகம்' என்பார். சதையோடு ஒட்டியிருந்த சொரசொரப்பான பக்கம் 'முதுகு'. முகம் வெளியே தெரிய, முதுகு சக்கரத்தில் படும்படி மாட்டினார்கள். சொரசொரப்புதானே பிடிக்கும், வழவழப்பு வழுக்கும் என்று எல்லாரும் சொன்னோம், படித்தவளான நானும் சேர்ந்துதான்.

எஞ்சின் புகை விட்டது, சக்கரம் சுற்றியது, பெல்ட் மினுமினுவென்று அதன் மேல் வழுக்கிக்கொண்டே போனது. ராட்சசி அசையவில்லை. இறுக்கினோம். அசையவில்லை. உனக்குத் தந்தி கொடுத்தேன். 'இன்னும் இறுக்கு' என்று பதில் தந்தி வந்தது. அதற்காகவா அப்பா உன்னை இஞ்சினியருக்குப் படிக்கவைத்தார்? குங்கிலியப் பொடி தூவினோம், தும்மல் வந்தது. பாகு வெல்லம் தடவிப் பார்க்கலாம் என்றார் சீனிவாசன், கோலாரில் தடவுவார்களாம். எறும்பு வந்தது. தோல் விறைத்துப்போயிருக்கிறது, பதம் வரட்டும் என்று சாயபு மேலே மீன் எண்ணெயைத் தடவச் சொன்னார். டேனரித் தெருவில் இருக்கிற பூனை அத்தனையும் வந்து, விடிவதற்குள் பெல்ட்டின் முகத்தை நக்கியும் பிறாண்டியும் ஒரு வழி பண்ணிவிட்டன. சீனிவாசன் எலுமிச்சம்பழம் வைத்தார், சாயபு ஓதி ஊதினார், நான் வேலூருக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தை மறுபடி படித்தேன். துரையின் தொப்பி தெரிந்தது, பெல்ட் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் பில்கிஸ் தட்டிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போவாள். அவள் ஏதாவது கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த நிலைமையில் ரஷீத் அஹமது வருவதாகச் சொல்லி அனுப்பினார். பெஞ்சு வரப்போவதில்லை என்று அவர் காதுக்கு எட்டியிருக்கிறது, கல்யாணத் தேதி பேச வருகிறார். ஜியாவுதீன் சாயபுவுக்கு அப்போது வந்த கவலை எது தெரியுமா? எந்திரம் ஓடவில்லையே என்பதில்லை, பெண்ணின் படிப்பு போகிறதே என்பதும் இல்லை. பூனை பிறாண்டின தோலை இன்னொரு டேனரி முதலாளி பார்த்துவிடுவாரே என்பதுதான். "அவன் முன்னாடி என் சரக்கு இந்த மூஞ்சியோட நிக்கறதா? கழட்டுங்க" என்றார். கழற்றினால் எந்திரம் மொட்டையாக நிற்கும், அதற்கும் கேலி செய்வார் என்றார் சீனிவாசன். இரண்டு பேரும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், வாசலில் குதிரை வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது.

முனவ்வர் பேகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கணவர் காதுக்கு மட்டும் என்றால் உருதுவில் சொல்வார், நானும் கேட்க வேண்டியதென்றால் தமிழில் சொல்வார். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழில் வந்தது:

"இதுக்கு இன்னா இவ்ளோ பேஜாரு? புடவையில கறை பட்டா நாங்க உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிக் கட்டிக்கறதில்லியா? திருப்பிப் போடுங்க."

"முகத்த உள்ளே மறைச்சு முதுக வெளியே காட்டறதா? எந்த ஊர் வழக்கம் அது?" என்றார் சாயபு.

"கீறின முகத்த காட்டறது எந்த ஊர் வழக்கம்?"

சாயபு தாமே பெல்ட்டைக் கழற்றினார். திருப்பி மாட்டினார்கள். ரஷீத் அஹமது உள்ளே வந்தார். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி ஒரு பெரிய தாம்பாளத்தில் பரப்பிக் கொண்டுவந்திருந்தார். வைக்க இடம் தேடி, இது எங்கே ஓடப்போகிறது என்று ராட்சசியின் மேடை மேலேயே வைத்தார். பிறகு அவருடைய வழக்கமான கேள்வியைக் கேட்டார். சாயபு சீனிவாசனைப் பார்த்தார். சீனிவாசன் எஞ்சினைக் கிளப்பினார். ஓடும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை, கேட்ட கேள்விக்குச் சத்தமாவது பதிலாக இருக்கட்டும் என்றுதான். நான் மட்டும், ஒவ்வொரு தடவையும் செய்கிறபடி, ஒரு வேங்கைப் பலகையை உருளையின் வாயில் வைத்தேன்.

ராமமூர்த்தி, அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

முதலில் ஒரு உறுமல், பிறகு பஞ்சு வெடித்த மாதிரி சீவல். பலகை அந்தப் பக்கம் பளபளவென்று வெளியே வந்தது. அவசரமே இல்லை அதற்கு. மாப்பிள்ளை ஊர்வலம் போகிற வேகத்தில் வந்து, தாம்பாளத்தை முட்டி, தாம்பாளத்தையும் கூட்டிக்கொண்டு மேடை ஓரம் வரை போனது. எங்களுக்குக் கையை நீட்டி எடுக்க நேரம் தாராளமாக இருந்தது. ஒருவருக்கும் எடுக்கத் தோன்றவில்லை. பேடாக்கள் ஒவ்வொன்றாகவும் பிறகு தாம்பாளத்தோடும் பக்கத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தன. தட்டிக்குப் பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. பில்கிஸ் சிரித்து நான் கேட்பது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

நான் எதையும் உடனே நம்புகிறவள் இல்லையே. ரஷீத் அஹமது போன பிறகு பெல்ட்டைக் கழற்றிப் பழையபடி மாட்டச் சொன்னேன். வழுக்கியது. திருப்பினேன். ஓடியது. மறுபடி பழையபடி மாட்டச் சொன்னபோது சீனிவாசன் கோலாரைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவு களைத்துப்போயிருந்தார். "போதும் அக்கா, அது பேச்சு மாறாது" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து முனவ்வர் பேகத்தின் குரல் வந்த பிறகு விட்டேன். எனக்குத் தோன்றுவது இது: சொரசொரப்பான பக்கம் அங்கங்கே நுனியில்தான் சக்கரத்தைத் தொடுகிறது. வழவழப்பான பக்கம் முழுவதும் படிந்து அப்படியே ஒட்டிக்கொள்கிறது. உன் புத்தகங்களில் இது இருக்கும், இருக்கிறதா என்று பார். இருந்தால் எனக்கு எழுதாதே. ஊரெல்லாம் தோல் தெரிந்தவர்கள், அழகான பக்கத்தை உள்ளே வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவர்களுடைய பெருமையால் நின்ற எந்திரம், அவர்களுடைய வெட்கத்தால் ஓடிற்று. இப்போது சாயபு தம் தோலின் தரத்தால் ஓடியது என்கிறார், சீனிவாசன் எலுமிச்சம்பழம் என்கிறார். முனவ்வர் பேகம் கோழிக்கூடு எங்கே என்கிறார்.

கோழிக்கூடு கொடுத்தாயிற்று. பிறகு பெஞ்சுகள். பெட்டி அடிக்கிற தச்சர்கள் சாயங்காலங்களில் வந்து பூட்டிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்தார், பெஞ்சின் மேல் கையை ஓட்டிப் பார்த்தார், பட்டுப் புடவையோடு உட்கார்ந்து எழுந்தார். ஒரு இழைகூடப் பிரியவில்லை. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன் என்று பக்கத்திலிருந்த டீச்சர் சொல்கிறாள், எனக்குத் தெரியாது. அனுமதி வந்துவிட்டது. ஜியாவுதீன் சாயபு வாக்கு மாறாதவர் என்று முன்பே எழுதினேன். ரஷீத் அஹமதிடம் பெண் படித்து முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவரும் சரி என்றார். பேடா தாம்பாளத்தை மட்டும் திருப்பிக் கேட்டார்.

ஆகவே, தம்பி, நீ வர வேண்டிய அவசியம் இல்லை. எந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுச் சாக்குப் போர்த்தியாகிவிட்டது. இனி எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சாயபுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இந்த வயதில் ஒருத்தி மசகு எண்ணெய்க் கையோடு அலைந்தது போதும். மாதக்கணக்காக எனக்கு எஞ்சின் சத்தத்திலேயே கனவு வந்தது. நேற்று முதல் தடவையாக, ஒன்றுமில்லாத கனவு வந்தது. குழந்தைகளுக்கு முத்தம். உன் மனைவி இந்தக் கடிதத்தைப் படித்தாள் என்று அவள் கையெழுத்தில் ஒரு வரி வந்தால்தான் நம்புவேன். எல்லாருக்கும் நல்ல புத்தியும் பத்து விரலும் நீடித்திருக்க ஆசீர்வதிக்கும்,

அக்கா,
சுந்தரி.

பின் குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சீனிவாசன் ஓடிவந்தார். இன்று காலை ரஷீத் அஹமது தாம்பாளம் வாங்க வந்திருக்கிறார். வந்தவர் சும்மா போகாமல், "பலகை சீவற மிஷின வாங்கி வெச்சு உங்க அப்பா இத்தனை வருஷம் தோல் மிஷின்னு சொல்லிட்டாரே பாய்" என்றிருக்கிறார். சாயபு நேரே எந்திரத்திடம் போனாராம். சாக்கை எடுத்தார், எஞ்சினைக் கிளப்பச் சொன்னார், நல்ல எருமைத் தோலாகப் பார்த்து ஒன்றை உள்ளே விட்டார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கத்தித் தண்டில் தலைப்பாகை, பெல்ட் இரண்டு துண்டு, கத்தி ஒன்று வளைந்துவிட்டது. "தோல் கொஞ்சம் ஈரம், டீச்சரம்மா" என்கிறார். ஆகவே வர வேண்டாம் என்று மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வரும்போது கத்திகள் கொண்டுவா, பெல்ட்டை இணைக்கிற கொக்கி கொண்டுவா, 'இன்னும் இறுக்கு' என்று மட்டும் சொல்லாதே. விரல்களை மறுபடி எண்ணிவிட்டேன், அதில் மாற்றமில்லை. அவசரமும் ஒன்றும் இல்லை, மெதுவாகவே வா. பில்கிஸ் புதுப் பெஞ்சில் உட்கார்ந்து அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருக்கிறாள். கோழிகள் மட்டும், நான் செய்து கொடுத்த கூட்டை விட்டுவிட்டு, ராட்சசிக்கே திரும்பிப் போய்விட்டன.